வீடும் வளவும்: வாசகர் கேள்வி – பதில்
பழைய நீச்சல் தடாகத்தின் நீர் எங்கே போகிறது?

மலையகத்தில் துரைமார் காலத்துப் பங்களாக்கள் பல இன்று விருந்தினர் இல்லங்களாகவும் குடும்ப வீடுகளாகவும் மாறிவிட்டன. அவற்றின் பின்வளவில் கட்டப்பட்ட நீச்சல் தடாகங்களும் வீட்டோடு சேர்ந்து கைமாறியிருக்கின்றன. இம்முறை வந்த கடிதங்களில் நான்கு அத்தகைய தடாகங்களைப் பற்றியவை என்பதால், பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடைசியாக வந்த கடிதத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதற்கான காரணம் கடிதத்திலேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் தடாகத்தின் ஆழமான பக்கத்தில், அடியில் உள்ள வடிவாயின் மூடி பாதி உடைந்து போய்விட்டது. புதியது கொழும்பிலிருந்து வர இரண்டு வாரம் ஆகுமாம். பாடசாலை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். அதுவரை மோட்டரைக் குறைந்த நேரம் ஓட்டிச் சமாளிக்கலாமா?
– கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வாசகி

பதில்: கூடாது, அம்மா. மூடி வந்து, திருகாணிகள் இறுக்கப்பட்டு, ஒருவர் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யும் வரை ஒரு பிள்ளையும் அந்த நீரில் இறங்கக் கூடாது. மூடி இல்லாத வடிவாயில் நீளமான கூந்தலோ, கையோ, வயிற்றுப் பகுதியோ ஒட்டிக்கொண்டால், மோட்டர் இழுக்கும் விசை வலுவான ஆண் ஒருவராலும் பிள்ளையை இழுத்தெடுக்க முடியாத அளவுக்குப் பெரியது. அமெரிக்காவில் 2002இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறு சிக்கி இறந்தாள். அவளுடைய தாய் ஓயாமல் முயன்றதன் பயனாக, அந்நாட்டில் விற்கப்படும் வடிவாய் மூடிகள் குறிப்பிட்ட பாதுகாப்புத் தரத்துக்கு அமைய வேண்டும் என்ற சட்டம் 2007இல் வந்தது. நீங்கள் வாங்கும் மூடியும் தட்டையான பழைய கம்பித் தட்டாக இல்லாமல், நடுவில் மேடாக வளைந்ததாகவும் குழாயின் நீரோட்டத்துக்குப் பொருந்திய அளவிலும் இருக்கட்டும். அடியில் ஒரே ஒரு வடிவாய்தான் உண்டு என்றால், அதன் வால்வை மூடிவிட்டு மேல்மட்ட வாய் வழியாக மட்டும் நீரை இழுப்பது நல்லது. மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஐயா, பண்டாரவளையில் எங்கள் பின்வளவில் 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட பழைய தடாகம் ஒன்று உள்ளது. ஆழம் ஒரு பக்கம் 1 மீற்றர், மறுபக்கம் 2 மீற்றர். மணல் வடிகட்டியைக் கழுவிவிட்டால் இரண்டு நாள் நீர் தெளிவாக இருக்கும். மூன்றாம் நாள் பால் கலந்ததுபோல் ஆகி, அழுத்தமானியின் முள்ளும் ஏறிவிடுகிறது. மழைக்குக் கலங்கும்போதெல்லாம் படிகாரம் போடுகிறோம். வடிகட்டிய நீர் திரும்பி விழும் துவாரத்தின் கீழே நுண்மணல் சேர்கிறது. நீர்மட்டம் நாளொன்றுக்கு இரண்டரை சென்ரிமீற்றர் இறங்குகிறது. வேலைக்கு வந்த பாஸ், முழுவதையும் இறைத்துவிட்டு இந்த நவம்பரிலேயே புது டைல் ஒட்டிவிடலாம் என்கிறார். இறைக்கலாமா? தடாகத்துக்குக் கீழே தேயிலை. அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம் உண்டு. அவர்கள் நீர் பிடிக்கும் பீலியில் இந்த வருடம் வெயில் காலத்திலும் தண்ணீர் குறையவில்லை என்கிறார்கள்.
– பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இறைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என்னை நிறுத்தியது கடைசி வரிதான். அதற்கு வருமுன் இறைப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தடாகத்தில் ஏறத்தாழ 75,000 லீற்றர் நீர் இருக்கிறது. அதாவது 75 தொன் எடை, அந்தச் சீமெந்துத் தொட்டியை மண்ணுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊவாப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கும் மழை ஜனவரி வரை நீடிக்கும். அந்த மாதங்களில் மேட்டுப் பக்கத்து மண் முழுவதும் நீர் ஊறியிருக்கும். உள்ளே உள்ள எடையை எடுத்துவிட்டால், வெளியே ஊறியிருக்கும் நீர் தொட்டியைக் கீழிருந்து மேலாகவும் மேட்டிலிருந்து பள்ளமாகவும் தள்ளும். தரை வெடிப்பதும், சுவர் உள்நோக்கிப் பிதுங்குவதும், சில வேளைகளில் தொட்டி முழுவதுமே மண்ணிலிருந்து கிளம்புவதும் இவ்வாறுதான் நேர்கின்றன. நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைத் தணிக்கும் சிறிய வால்வு ஒன்றை அடிவாயில் பொருத்தும் வழக்கம் உண்டு. ஆனால் இந்த வயதுத் தடாகத்தில் அது இருந்தாலும் துருவேறி இறுகியிருக்கும் என்று கொள்வதே பாதுகாப்பு. முழுவதும் இறைத்துச் செய்ய வேண்டிய வேலையைப் பண்டாரவளையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட காற்றுக் காலத்துக்கு வையுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து வாசகர்களுக்கு அந்த மாதங்கள் தென்மேற்குப் பருவமழைக் காலம். அவர்களுக்கு ஏற்றவை ஜனவரி முதல் மார்ச் வரை.

இனிக் கசிவு. 50 சதுர மீற்றர் பரப்பில் இரண்டரை சென்ரிமீற்றர் இறங்கினால் நாளொன்றுக்கு 1,250 லீற்றர் போகிறது என்று பொருள். இதில் வெயிலும் காற்றும் கொண்டு போவது எவ்வளவு என்பதை ஒரு வாளி சொல்லிவிடும். தடாகத்து நீரையே வாளியில் எடுத்து, படியின் மேல் வைத்து, வாளிக்குள் இருக்கும் மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றாக நிற்கும்படி செய்து, இரண்டையும் பென்சிலால் குறியுங்கள். மழை இல்லாத 24 மணித்தியாலம் கழித்து இரண்டும் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று பாருங்கள். வாளியில் 4 மில்லிமீற்றரும் தடாகத்தில் 25 மில்லிமீற்றரும் குறைந்திருந்தால், மீதி 21 மில்லிமீற்றர், அதாவது ஆயிரம் லீற்றருக்கு மேல், மண்ணுக்குள் போகிறது. இதை மோட்டர் ஓடும் நாளில் ஒரு முறையும் நிறுத்திய நாளில் ஒரு முறையும் செய்ய வேண்டும். ஓடும்போது கூடுதலாக இறங்கினால், வடிகட்டியிலிருந்து தடாகத்துக்குத் திரும்பும் குழாயையோ கழிவுக் குழாயையோ சந்தேகிக்கலாம். இரண்டு நாளும் ஒரே அளவு என்றால் தொட்டியையும் அதில் பதித்த பொருத்துகளையும் பார்க்க வேண்டும்.

குழாயைத் தேடித் தரையை உடைக்குமுன் செய்ய வேண்டிய, செலவில்லாத வேலை ஒன்று உண்டு. நீர் போகும் பாதையை மாற்றும், வடிகட்டியின் பல்வழி வால்வு ‘வடிகட்டு’ நிலையில் இருக்க, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, கழிவுக் குழாய் முடியும் இடத்துக்குப் போய் அதன் வாயில் உங்கள் உலர்ந்த கையை வையுங்கள். அங்கே ஒரு சொட்டு நீரும் வரக் கூடாது. பழைய வீடுகளில் அந்தக் குழாய் மண்ணுக்குள் புதைந்து, எங்கோ கீழ்க் கானில் போய் முடிவதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. வால்வுக்குள் சிலந்திக் கால்களைப் போலப் பிரிந்த ஒரு இறப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்துவிட்டால், வடிகட்டிய நீரில் ஒரு பகுதி இரவும் பகலும் கழிவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மோட்டர் ஓடும்போது கைப்பிடியைத் திருப்புவதுதான் அந்த வளையம் கெடுவதற்கு முதற் காரணம். ஒவ்வொரு முறையும் மோட்டரை நிறுத்திவிட்டே திருப்ப வேண்டும் என்று கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

வால்வு நல்ல நிலையில் இருந்தால், மோட்டரைச் சில நாள் நிறுத்தி, குளோரினைக் கையால் கலந்துகொண்டு, நீர் தானாக எந்த மட்டம் வரை இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். மேல்மட்ட வாயின் அடிவிளிம்பில் நின்றால் அந்த இணைப்பில் வெடிப்பு. விளக்குக் குழியின் மட்டத்தில் நின்றால் மின்கம்பி போகும் குழாய் வழியாகக் கசிவு. அப்படியானால் விளக்கின் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிடுங்கள். பாதிக்குக் கீழும் நிற்காமல் இறங்கினால் காத்திராமல் மீண்டும் நிரப்புங்கள். தவறு அடித்தரையில் அல்லது அடிவாய்க் குழாயில் இருக்கிறது. சந்தேகமான இடத்தை உறுதி செய்ய, பலகாரத்துக்குப் போடும் சிவப்பு நிறத்தைச் சிறிது நீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, அசைவற்ற நீரில் வெடிப்பின் அருகே மெல்ல விட வேண்டும். அப்புத்தளையில் ஒரு பழைய பங்களாவில் இதைச் செய்தபோது, விளக்கின் கீழே, டைல்களுக்கு இடையில், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஒரு இடத்தில் அந்தச் சிவப்பு புகைபோலப் பரவாமல் ஒரு நூலாகத் திரண்டு சுவருக்குள் போனதைக் கண்டேன். தலைமயிர் அளவு வெடிப்புத்தான். அந்தத் தடாகம் வற்றிக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணமாக இருந்தது.

சரிவில் கட்டிய தடாகங்களில் தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கும் ஒரு குறிப்புச் சொல்லலாம். மேட்டை வெட்டி, அந்த மண்ணையே பள்ளப் பக்கம் நிரப்பித்தான் இடத்தைச் சமப்படுத்தியிருப்பார்கள். வெட்டிய பக்கம் உறுதியாக நிற்கும். நிரப்பிய பக்கம் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில், பெரும்பாலும் தடாகத்தின் நடுப்பகுதியில், தொட்டி வெடிக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

வடிகட்டியைப் பொறுத்தவரை, குற்றம் படிகாரத்தில் இருக்கிறது. அதைப் போடும் முறையில் என்று சொல்வது இன்னும் சரி. படிகாரம் கலங்கலைத் திரட்டி அடியில் இறக்குவதற்கானது. போட்ட பின் மோட்டரை நிறுத்தி, ஓர் இரவு அடைய விட்டு, மறுநாள் அடிமண்டியைக் கழிவு நிலையில் நேரே வெளியே உறிஞ்சிவிட வேண்டும். வடிகட்டியை ஓட்டிக்கொண்டே போட்டால், அந்தக் களிபோன்ற திரள் முழுவதும் மணலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மோட்டரை நிறுத்தி, மூடியைத் திறந்து, மேல் மணலில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். நல்ல மணல் விரல் இடுக்கில் உதிரும்; உங்களுடையது கொழுக்கட்டை மாவைப் போலப் பிடித்த பிடிக்குள் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எப்படியும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மணலை மாற்றுவது வழக்கம்.

மாற்றும்போது, நுண்மணல் தடாகத்தில் சேர்வதன் காரணமும் வெளிப்படும். தொட்டியின் அடியில், நடுக்குழாயிலிருந்து கைகளைப் போல நாலாபுறமும் நீளும் பிளவுள்ள சிறு குழாய்கள் உண்டு. அவற்றில் ஒன்று உடைந்தால் மணல் அதன் வழியே தடாகத்துக்குப் போகும். உடைந்ததை மாற்றி, நடுக்குழாயின் வாயைத் துணியால் கட்டி, தொட்டியில் பாதி நீர் நிரப்பிய பிறகே புது மணலைக் கொட்ட வேண்டும். வெறுந்தொட்டியில் கொட்டினால் அந்தக் கைகள் மறுபடி உடையும். மணல் 0.45 முதல் 0.55 மில்லிமீற்றர் வரையான சிலிக்கா மணலாக இருக்கட்டும். கட்டட வேலைக்கு வரும் ஆற்று மணலில் பொடியும் பருமனும் கலந்திருப்பதால் அது இதற்கு உதவாது. புது மணலோடு முள் நிற்கும் அளவை அழுத்தமானியின் அருகே எழுதி வைத்து, அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்போது மட்டும் பின்கழுவல் செய்யுங்கள், அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுங்கள். வால்வின் பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம் போதும். அதன் பின் அரை நிமிடம் ‘அலசு’ நிலை. மோட்டர் நின்றிருக்கும்போது முள் பூச்சியத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் அந்த அழுத்தமானி சொல்வது எதையும் நம்ப முடியாது.

படிகாரத்தால் இன்னொரு கெடுதியும் உண்டு. நம் ஓடைகளின் நீர் இயல்பிலேயே மென்மையானது. படிகாரம் அதன் காரத்தன்மையை மேலும் குறைத்து அமிலப் பக்கம் தள்ளுகிறது. அத்தகைய நீர் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சீமெந்திலிருந்தும் டைல் இடைவெளிப் பூச்சிலிருந்தும் கரைத்து எடுத்துக்கொள்ளும். பீ.எச். அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையிலும், காரத்தன்மையை லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும் வைத்திருங்கள். உங்கள் அளவுத் தடாகத்தில் ஏறத்தாழ 1.3 கிலோ அப்பச்சோடா காரத்தன்மையை 10 மில்லிகிராம் உயர்த்தும்.

இப்போது அந்தப் பீலி. வெயில் காலத்திலும் குறையாத பீலி நல்ல ஊற்றாக இருக்கலாம். ஆனால் மேலே நாளொன்றுக்கு ஆயிரம் லீற்றர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும் இடத்தில், கீழே நீர் வற்றவில்லை என்பதை நான் நற்செய்தியாக எடுக்கமாட்டேன். நீர் ஊறிய சரிவு எடை கூடி, பிடிமானம் குறைந்து நிற்கிறது. அதன் மேல் நவம்பர் மழை பெய்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில், உங்கள் மாவட்டத்திலேயே, மழையில் ஊறிய மலை இறங்கி லயன்களை மூடியதை யாரும் மறந்திருக்க முடியாது. அங்கே தடாகம் எதுவும் காரணமல்ல. ஆனால் ஊறிய மண் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே இந்த வாரமே தேயிலைக்குள் இறங்கி நடந்து பாருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, தெளிந்திருந்த பீலி நீர் திடீரெனக் கலங்கி வருவது அல்லது நின்றுபோவது, லயத்துச் சுவரில் வெடிப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். அவசரமானால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழையுங்கள். லயத்து மக்களிடமும் நேரில் சொல்லுங்கள். அவர்கள் குடிப்பது அந்த நீரைத்தான். குளோரின் பரிசோதனைத் துளிகளைப் பீலி நீரில் விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் கசிவு அங்கே போகவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள், மண்ணுக்குள் இறங்கும்போதே குளோரின் அழிந்துவிடும். கசிவை அடைக்க ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீருக்குள்ளேயே இறுகும் எபொக்சி மாவினால் வெடிப்பை இப்போதே அடைக்கலாம். டைல் வேலைதான் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஹட்டனில் நான் பார்த்துக்கொள்ளும் பங்களாவில் மோட்டர் கொட்டகை தடாகத்தை விட 2 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் மோட்டர் நீர் பிடிக்கக் கால் மணித்தியாலம் ஆகிறது. பிடித்த பிறகும் தடாகத்துக்கு நீர் திரும்பி விழும் துவாரங்களில் குமிழி வருகிறது. மலை உயரம்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஓரளவு உண்மை, தம்பி. மோட்டர் நீரை இழுப்பதாகச் சொல்கிறோம்; உண்மையில் மோட்டர் காற்றை அகற்றிய இடத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம்தான் நீரைத் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் நீரை அதிகபட்சம் 10.3 மீற்றர் தாங்கும். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் 9 மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும். குழாயின் உராய்வையும் மோட்டரின் தேவையையும் கழித்த பின்னும் 2 மீற்றர் ஏற்றுவதற்கு அது போதும்; ஆனால் மிஞ்சுவது கொழும்பை விடக் குறைவு. ஆகவே கொழும்பில் பொறுத்துக்கொள்ளப்படும் சிறு காற்றுக்கசிவு உங்களிடம் பெருந்தொல்லையாகிறது என்பதே சரியான விளக்கம்.

குமிழி வருவதால் காற்று நுழைவது மோட்டருக்கு முன்னால், இழுக்கும் பக்கத்தில். மோட்டர் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் சவர நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே குழிந்து போகும் இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் அது மோட்டரின் முன்னுள்ள குப்பைக் கூடையின் மூடியிலுள்ள இறப்பர் வளையமாக இருக்கும். யூக்கலிப்டஸ் இலைக் காம்பு ஒன்று அதன் கீழே சிக்கியிருந்தாலும் போதும், காலையில் குழாய் வெறுமையாகிவிடும். வளையத்துக்குச் சிலிக்கன் கிரீஸ் மட்டும் பூசுங்கள். வசலின் இறப்பரை ஊதச் செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை வளையத்தையே மாற்றினால் இன்னும் நல்லது. உரிமையாளர் செலவழிக்க முன்வந்தால், கொட்டகையைத் தடாகத்துக்குக் கீழே உள்ள தட்டுக்கு இறக்கிவிடச் சொல்லுங்கள். மலைச் சரிவில் நமக்குக் கிடைத்திருக்கும் வசதி அது. நீர் தானாக மோட்டருக்கு வரும், காலைத் தொல்லை இராது. அப்போது மோட்டருக்கு இருபுறமும் வால்வு இருக்க வேண்டும்; அவற்றை மூடாமல் கூடை மூடியைத் திறந்தால் தடாகமே கொட்டகைக்குள் வந்துவிடும்.

கேள்வி: பின்கழுவல் நீர் பக்கத்து வீட்டுக்காரரின் கரட் பாத்திக்குள் ஓடுகிறது. அவர் முகம் சுளிக்கிறார். ஓடையில் விடலாமா?
– வெலிமடையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அவர் முகம் சுளிப்பது நியாயம். ஓடையில் விடுவது அதைவிடப் பிழை. மிகச் சிறிதளவு குளோரினும் மீனுக்கு நஞ்சு, கீழே யாரோ அதே நீரை அள்ளுகிறார்கள். சாதாரண வீட்டுத் தடாகத்தில் ஒரு முறை பின்கழுவினால் 500 லீற்றர் அளவே வரும் என்பதால், 1,000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று போதும். மூடியை எடுத்துவிட்டு வெயில் படும்படி சில நாள் வைத்திருந்து, பரிசோதனைத் துளிகளில் நிறம் எதுவும் வராதபோது உங்கள் சொந்தப் புல்வெளியில், சரிவின் விளிம்பிலிருந்து தள்ளி, மெதுவாக விடுங்கள். தாங்கியின் வாயைக் கொசு நுழையாத வலையால் இறுகக் கட்டி வையுங்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதோடு, பக்கத்து வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். தாங்கி வைத்த அன்றே அவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.